கழற்றிக் கொடுத்த கை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. தெருமுனைக் கடையின் கேமராப் பதிவு அழிவதற்குள் போலீசிடம் சொல்லுங்கள் என்ற அவசர விஷயத்தை அன்றே போனில் சொல்லிவிட்டேன். மீதிக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது. பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள், வராது. ஆனால் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டு நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். அதனால் பதிலை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 68 வயது. காலையில் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். “போலீஸ்மா, மஃப்டில இருக்கோம். பக்கத்துத் தெருவுல இப்பதான் ஒரு அம்மாவைக் கத்தியால குத்திட்டுச் சங்கிலிய அறுத்துட்டுப் போயிருக்கான். நீங்க இவ்வளவு நகையோட தனியா வரலாமா? கழட்டிப் பையில வைங்க.” அம்மாவே கழற்றினார். ஒருவன் அதைப் பவ்யமாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அம்மாவின் பையிலேயே வைத்தான். வீட்டில் வந்து பிரித்தால் கூழாங்கல். 7 பவுன் போயிற்று.

“அவன் கண்ணைப் பார்த்தேன். அப்புறம் என் கை என் கையாவே இல்ல” என்கிறார் அம்மா. வசியம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அம்மா எதையோ மறைக்கிறார் என்கிறார் உங்கள் அண்ணன். இதற்கு நடுவே ஒரு ‘மனவசிய நிபுணர்’ வந்து, 15,000 ரூபாய் கொடுத்தால் அம்மாவை ஆழ்நிலைக்குக் கொண்டுபோய் அந்த இருவரின் முகத்தையும் வண்டி நம்பரையும் வெளியே எடுத்துவிடுவேன் என்கிறார். கூட்டிப் போகலாமா? ஹிப்னாடிசம் என்றால்தான் என்ன? இவை உங்கள் கேள்விகள்.

நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நாற்பது வருட ஆர்வம் உண்டு, அவ்வளவுதான். அந்த ஆர்வம் தொடங்கியது ஒரு சந்தையில்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். நல்லெண்ணெய் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழியில் மோடி மஸ்தான் கடை விரித்திருந்தான். மண்டை ஓடு, கீரிப்பிள்ளை, மூடிய பாம்புக் கூடை, துணி போர்த்திப் படுக்கவைத்த ஒரு பையன். மண்ணில் கோடு போட்டுவிட்டு, “யாரும் கையைக் கட்டாதீங்க. பாதியில கூட்டத்தை விட்டுப் போறவன் மூணாவது தெரு தாண்ட மாட்டான், ரத்தம் கக்குவான்” என்றான். நான் நகரவில்லை. நகர முடியவில்லை என்பதுதான் சரி; முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதாகவே தெரியவில்லை. இருட்டும்வரை நின்றேன். அடுத்ததாக விடுவேன், அடுத்ததாக விடுவேன் என்ற கீரி-பாம்புச் சண்டையை அவன் கடைசிவரை விடவில்லை, தாயத்துதான் விற்றான். நடுவில் ஓர் ஆடு கூட்டத்துக்குள் புகுந்து, அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு, அந்தப் பக்கமாகப் போனது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்குத் தமிழ் தெரியாது.

ஹிப்னாடிசம் பற்றி அதன்பின் நான் படித்ததில் பாதி, அந்த ஆடு சொன்னதுதான்.

1778இல் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்களுக்குள் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதன் ஓட்டம் தடைப்பட்டால் நோய் வருகிறது, அதைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்றார். ஒரு பெரிய மரத்தொட்டி. அதிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் அமர்ந்த சீமாட்டிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுவார்கள், துடிப்பார்கள், பிறகு தெளிவார்கள். மெஸ்மெரிசம் என்று நாம் சொல்லும் சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. ஊரே பைத்தியமானதும் 1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். குழுவில் யார் யார் என்று பாருங்கள்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலுக்கு அடித்தளம் போட்ட லவாய்சியே, கில்லட்டினுக்குத் தன் பெயரைக் கொடுத்த டாக்டர் கியோத்தான். (பத்து வருடத்தில் அதே கில்லட்டினில் லவாய்சியேயின் தலை போனது வேறு கதை.)

ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் தெலோன் ஒரே ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதல் மரத்தில் வியர்த்தான், இருமினான். போகப் போகத் தலை சுற்றியது. நான்காவது மரத்தில் மயங்கி விழுந்துவிட்டான். அவன் தொட்ட நாலில் ஒன்றுகூடக் காந்தம் ஏற்றிய மரம் இல்லை. திரவம் எதுவும் கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதிக் கோப்பை மூடியது குழு.

மூடியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு நினைப்பு மட்டுமே ஒரு பையனைத் தரையில் சாய்க்கிறது என்றால், மரத்தை விட்டுவிட்டு அந்த நினைப்பையல்லவா ஆராய வேண்டும்? அந்த வேலையைச் செய்தவர் நம் பக்கத்துக்காரர். 1756இல் கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையோடு லிஸ்பனுக்குக் கப்பலேறி, பாதிரியாராகி, பாரிசில் குடியேறிய அபே ஃபாரியா. 1813இல் அங்கே அவர் பொதுமக்கள் முன்னிலையில் செய்துகாட்டத் தொடங்கினார். தொட்டி கிடையாது, கம்பி கிடையாது. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி மனதை ஒருமுகப்படுத்தச் சொல்லி, “தூங்கு!” என்பார். தூங்கினார்கள். என்னிடமிருந்து எதுவும் உங்களுக்குள் பாயவில்லை, நடப்பதெல்லாம் உங்களுக்குள்ளிருந்தே நடக்கிறது என்று வாதாடினார். எல்லோருக்கும் இது வராது, சிலருக்குத்தான் வரும் என்பதையும் கண்டார். ஊர் கேலி செய்தது. 1819இல் ஏழையாக இறந்தார். பின்னாளில் தூமா தன் ‘மான்டி கிறிஸ்டோ’ நாவலில் சிறைக்குள் இருக்கும் பாதிரியாருக்கு அவர் பெயரை வைத்ததால் பெயராவது தங்கியது.

பணஜிக்குப் போனால் மாண்டவி ஆற்றோரம், பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஃபாரியாவின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். சாய்ந்து விழும் ஒரு பெண்ணின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஏதோ சக்தியை இறக்குபவர் போல் நிற்கிறார். என் கையில் ஒன்றும் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதருக்கு இப்படி ஒரு சிலை. செய்கிறவன் கையில்தான் எல்லாம் என்று நம்ப நமக்கு அவ்வளவு ஆசை.

ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவர் மான்செஸ்டரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட். 1841இல் ஒரு மெஸ்மெரிசக்காரரின் மேடைக் காட்சியைப் பார்க்கப் போனவர், கண்ணை ஒரே புள்ளியில் நிலைநிறுத்தினாலே இந்த நிலை வந்துவிடுகிறது என்று கண்டு, கிரேக்க மொழியில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். பிறகு, இது தூக்கமே இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் ஒட்டிக்கொள்வது என்று புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் பெயர் ஊர் ஊராகப் போய்விட்டது. மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தாலும் ஹிப்னாடிசத்தில் இருப்பவர் விழித்துத்தான் இருக்கிறார். இதற்குத் தமிழில் ‘அறிதுயில்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. பாற்கடலில் திருமால் கொள்ளும் துயில். தூங்குவதுபோல் இருக்கும், எல்லாம் தெரிந்திருக்கும். பிரெய்ட் கோட்டைவிட்ட இடத்தில் நம்மவர் யாரோ சரியாகப் பிடித்திருக்கிறார். வம்பு செய்வது ‘மனவசியம்’ என்ற இன்னொரு சொல்தான். வசியம் என்றதுமே வைக்கிறவன் ஒருவன், அகப்படுகிறவன் ஒருவன் என்று காட்சி வந்துவிடுகிறது. இனி இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை நான் தொடப்போவதில்லை.

கல்லூரியில் எங்கள் ஆண்டுவிழாவுக்கு ஒரு ஹிப்னாடிசக்காரர் வந்தார். மேடைக்கு முப்பது பேர் ஏறினோம். கைவிரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன, பிரிக்க வராது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சுலபமாகப் பிரிந்தது. கீழே போகச் சொல்லிவிட்டார். எட்டுப் பேரைத்தான் வைத்துக்கொண்டார். அவருடைய திறமை எல்லாம் இப்படிச் சலித்தெடுப்பதில்தான் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. என் அறைத்தோழன் அந்த எட்டில் ஒருவன். பச்சை வெங்காயத்தைக் கொடுத்து ஆப்பிள் என்றார், மென்று தின்றான். இரவு ஹாஸ்டலில் கேட்டேன், நடிச்சியா என்று. “வெங்காயம்னு தெரியும்டா. ஆனா அதை வாய்விட்டுச் சொல்லணும்னு தோணல. கடிச்சா இனிச்சது. கண்ணுல தண்ணி வந்துது, அது ஏன்னுதான் புரியல.”

இதைவிட நேர்மையான விவரணையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. தெரியும், ஆனால் அது முன்னுக்கு வருவதில்லை. செய்கிறான், ஆனால் தானாக நடப்பதுபோல் இருக்கிறது. ஹிப்னாடிசத்தின் முத்திரை இந்தத் ‘தானாக’தான்.

1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்டு என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். கை கனக்கிறது, கை விறைக்கிறது, ஈ ஒன்று சுற்றுகிறது என்று சின்னச் சின்னக் கருத்தேற்றங்களாகச் சொல்லி, எத்தனைக்கு உடம்பு இணங்குகிறது என்று எண்ணுவது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிக எளிதில் ஆழமாகப் போகிறார், அதே அளவு ஆட்கள் என்னைப் போல அசையவே மாட்டார்கள், மற்றவர்கள் நடுவில். இது உயரம்போலக் கிட்டத்தட்ட நிலையான குணம். மாணவப் பருவத்தில் சோதிக்கப்பட்ட 50 பேரை 25 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது மதிப்பெண் பெரிதாக மாறியிருக்கவில்லை. மனஉறுதி இல்லாதவர்கள், ஏமாளிகள்தான் இதில் விழுவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. கதையோ பாட்டோ கேட்டால் அதற்குள்ளேயே போய்விடுகிறவர்களுக்குச் சற்று எளிதாக வருகிறது. இதைத் தனியான ஒரு மனநிலை என்பதா, அல்லது எதிர்பார்ப்பும் கற்பனையும் சேர்ந்து செய்கிற வேலை என்பதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உண்மையில் ஏதாவது நடக்கிறதா, இல்லை வெறும் இணக்கமா? மூளைப் படக் கருவிகள் வந்த பிறகு இதற்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது 1997இல் மாண்ட்ரியலில் ரேன்வில்லும் சகாக்களும் செய்தது. ஹிப்னாடிசத்தில் இருப்பவர்களின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைத்தார்கள். சூடு அதேதான், அது உறுத்துவது மட்டும் குறைகிறது, அல்லது கூடுகிறது என்று சொன்னார்கள். வலி எவ்வளவு என்பதைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதி பெரிதாக மாறவில்லை. அந்த வலி எவ்வளவு சங்கடம் என்பதோடு தொடர்புள்ள முன்புறச் சிங்குலேட் பகுதி, சொன்னதற்கேற்ப ஏறி இறங்கியது. வலி வேறு, வேதனை வேறு. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தியாசத்தைக் கருவி படம் பிடித்துக் காட்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன். ‘பச்சை’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்றால் படிக்கத் தெரிந்த எவருக்கும் நாக்கு ஒரு கணம் தடுமாறும். படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. எளிதில் ஆழமாகப் போகிறவர்களிடம் ஆமிர் ராஸ் என்ற ஆய்வாளர், நீங்கள் பார்க்கப்போவது பொருளில்லாத அந்நிய எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். தடுமாற்றம் பெருமளவு போய்விட்டது. படித்த மனிதனைச் சற்று நேரம் எழுத்தறியாதவனாக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அதுவும் அவன் சம்மதித்த வாக்கியம்.

மருத்துவத்தில் இதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1845இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், வங்காளி உதவியாளர்களை மணிக்கணக்கில் நோயாளியின் உடம்புக்கு மேலே கைவீசவைத்து, பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டே ஈதர் வந்தது, அதற்கடுத்த ஆண்டு குளோரோஃபார்ம். அவை ஆள் பார்ப்பதில்லை, எல்லோரையும் மயக்கும். எஸ்டெய்லின் முறை மறக்கப்பட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் பெல்ஜியத்தின் லீஜ் நகர மருத்துவமனையில் 1992 முதல் ஃபேமன்வில் என்ற மயக்கவியல் மருத்துவர், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் ஊசியோடும் லேசான மருந்தோடும் ஹிப்னாடிசத்தைச் சேர்த்து, தைராய்டு அறுவைகூட நடக்கும்படி செய்திருக்கிறார். அடிக்கடி வயிற்றைப் புரட்டி வாட்டும் ஐபிஎஸ் நோய்க்கு, 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் தொடங்கிய முறையை இன்று பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலே, மருந்துக்குக் கேட்காதவர்களுக்குப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஒரே சிட்டிங்கில் சிகரெட்டை விடவைக்கிறேன் என்ற போர்டுகளுக்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை. பயனுள்ள இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: நோயாளி தெரிந்து, விரும்பி, உட்கார்ந்து ஒத்துழைக்கிறார்.

இனி உங்கள் அம்மா.

நடுத்தெருவில், வண்டியை அணைக்காமல், இரண்டு நிமிடத்தில், விருப்பமில்லாத ஒருவரைக் கண்ணால் பார்த்து ஹிப்னாடிசத்துக்குள் தள்ள முடியாது. அவர்களுக்கு அது தேவையும் இல்லை. 1965இல் மார்ட்டின் ஆர்ன், ஃபிரெடெரிக் எவான்ஸ் என்ற இருவர் ஒரு விபரீதச் சோதனை செய்தார்கள். ஹிப்னாடிசத்தில் இருந்தவர்களிடம் விஷப்பாம்பைப் பிடி, அமிலத்துக்குள் கைவிட்டுக் காசை எடு, அமிலத்தை எதிரே நிற்பவர் முகத்தில் வீசு என்றார்கள். (பாதுகாப்பு ஏற்பாடு அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.) 6 பேரில் 5 பேர் செய்தார்கள். ஹிப்னாடிசத்துக்கு இவ்வளவு சக்தியா என்று அலறத் தோன்றும். ஆனால் ஹிப்னாடிசத்தில் இருப்பதுபோல் நடிக்கச் சொல்லி இன்னும் 6 பேரை அனுப்பியிருந்தார்கள். அந்த 6 பேருமே செய்தார்கள். ஏன் என்று கேட்டால், இது பெரிய ஆய்வுக்கூடம், எங்களுக்கு ஆபத்து வர விடமாட்டீர்கள் என்று நம்பினோம் என்றார்கள். அங்கே வேலை செய்தது ஆய்வுக்கூடத்தின் மேலிருந்த மரியாதை. உங்கள் தெருவில் வேலை செய்தது ‘போலீஸ்’ என்ற ஒரு சொல். பக்கத்துத் தெருவில் கத்தி, எதிரே போலீஸ், யோசிக்க நேரமில்லை. 68 வருடமாகச் சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்த ஒரு பெண்மணி வேறு என்ன செய்திருப்பார்? நீங்களும் கழற்றியிருப்பீர்கள். ‘என் கை என் கையாவே இல்ல’ என்பது பொய்யும் இல்லை. சந்தையில் என் கால் எனக்கு இல்லாமல் போனதே, அதுபோல. இதை உங்கள் அண்ணன் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த நிபுணரிடம் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஞாபகம் என்பது பீரோவில் வைத்த பட்டுப்புடவை இல்லை, ஆழத்தில் கைவிட்டால் அப்படியே வர. ஹிப்னாடிசத்தில் கேட்டால் மனிதர்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள், சொன்னதை அடித்துச் சத்தியமும் செய்கிறார்கள். சரியானதைப் போலவே தவறானதும் பெருகுகிறது. 1983இல் கனடாவில் லாரன்ஸும் பெரியும், எளிதில் ஆழமாகப் போகும் 27 பேரிடம், போன வாரம் ஒருநாள் இரவு ஏதோ சத்தம் கேட்டு விழித்தீர்களே என்று ஹிப்னாடிசத்தில் ஊன்றிவிட்டார்கள். வெளியே வந்த பிறகும் 13 பேர் அது நடந்ததாகவே சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், ஹிப்னாடிசம் செய்யப்பட்ட சாட்சியின் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அம்மா ஒரு முகத்தைச் சொல்வார். நிச்சயம் சொல்வார், பணம் கட்டிய பிள்ளைகள் எதிரே நிற்கும்போது சொல்லாமல் இருப்பாரா? அது கீரைக்காரர் முகமாக இருக்கலாம், கேஸ் சிலிண்டர் போடும் பையனாக இருக்கலாம். அதன்பிறகு அம்மா அதைச் சாகும்வரை நம்புவார்.

புகார் கொடுத்த அன்று ஸ்டேஷனில் அம்மா சொன்னது எதுவோ அதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி. அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் காலையைப் பற்றி இனி வீட்டில் யாரும் அவரைக் கேட்க வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் சொல்லச் சொல்லவும் வேண்டாம். நகையைக் கழற்றச் சொல்லித் தெருவில் பொட்டலம் கட்டித் தரும் வேலை எந்தப் போலீஸ்காரருக்கும் கிடையாது என்பதை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் ரேஷன் கடைக்கு நானே போய்வருகிறேன் என்று அவர் பையை எடுத்தால், தடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்